லொக் நட்டில் ஒரு சிவப்புக் கோடு

இதை எழுத எனக்கு ஒன்பது வருடமாகத் தயக்கம். மூன்று தடவை கொப்பியில் தொடங்கி, மூன்று தடவையும் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், எழுத்துப்பிழைக்குப் பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் எழுதப்போகிற ஆள் என் மகளின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியடியில் அவளைக் கையில் ஏந்தி நின்றவர். இதை எழுதினால் புறணி பேசிய பாவமாகுமா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். "நடந்ததை எழுதும். கோபத்தை எழுதாதேயும்" என்றார் குருவானவர். முயன்று பார்க்கிறேன்.

எங்கள் வீடு தெல்தெனியவுக்கு அப்பால், நீர்த்தேக்கத்தின் ஓரத்தில். கோயில் எதிர்க்கரையில். பஸ்ஸில் சுற்றிப் போனால் காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். குறுக்கே தண்ணீரில் போனால் கால் மணி நேரம். அதனால் கோயில் சபை ஒரு சின்ன ஃபைபர் படகும் அதன் பின்பக்கம் மாட்டும் எட்டுக் குதிரைவலு மோட்டாரும் எடுத்தது. பூசைக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்மார், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாரையும் ஏற்றி இறக்குவது என் பொறுப்பு. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். ஒரு தாய் தன் பிள்ளையை என் கையில் கொடுத்து, "படகுக்காரரே, பாத்துக்கங்க" என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறையும். சோறும் பெயரும் எனக்கு அந்தப் படகுதான்.

மகளின் ஞானத்தகப்பன் நீர்கொழும்பில் சில காலம் மீன்பிடிப் படகில் வேலை செய்தவர். மோட்டார் தெரிந்த ஆள் எங்களில் அவர் ஒருவர்தான். படகு அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவருக்குக் குடிப்பழக்கம் என்று சபை எனக்குக் கொடுத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன். அவரே பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பெற்றோல் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். அதை அமுக்கினால் பெற்றோல் தாங்கியிலிருந்து மோட்டாருக்கு ஏறும்.

"எத்தன தரம் அமுக்கணும் மச்சான்?" என்று கேட்டேன்.

"நீ பக்திக்காரன். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு. ஆமென் வந்தா நிப்பாட்டு. கணக்கு சரியா இருக்கும்."

எனக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் சிலுவை அடையாளம் போட்டு, பந்தைப் பிடித்து, ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்துத்தான் கயிற்றை இழுப்பேன். பந்து கல் மாதிரி இறுகும்வரை அமுக்க வேண்டும், அதை விரலால்தான் அறிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. என் மனமும் விரலும் ஜெபத்தில் இருந்தன.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மாரி முடிந்த மாதத்தில் கோளாறு தொடங்கியது. கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். ஐந்து நிமிடம் ஓடும். நடுத்தண்ணீரில் இருமி இருமி நின்றுவிடும். பந்தை அமுக்கி, ஜெபம் சொல்லி, கயிற்றை இழுப்பேன். தோள் கழன்று போகிற மாதிரி இழுப்பேன். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுவேன். ஒன்றும் நடக்காது. கரையிலிருந்து மகளின் ஞானத்தகப்பன் தன் ஓடத்தைத் துடுப்புப் போட்டு வருவார். பெற்றோல் தாங்கியின் பக்கம் குனிவார், அங்கே இங்கே தட்டுவார், ஒரு இழுப்பு இழுப்பார். மோட்டார் பிடித்துக்கொள்ளும்.

"மோட்டாருக்கும் ஆள் தெரியுது பாருங்க!" என்று படகில் இருந்தவர்கள் சிரிப்பார்கள்.

நானும் சிரிப்பேன். அவருக்கு நன்றி சொல்வேன். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது அவருக்காக ஒரு பத்து மணி கூடச் சொல்வேன்.

பிறகு கியர். லீவர் நியூட்ரலில்தான் இருந்தது. நம்பிக் கயிற்றை இழுத்தேன். மோட்டார் பிடித்த வேகத்தில் படகு முன்னால் பாய்ந்து கரைக் கல்லில் மோதியது. ஏறிக்கொண்டிருந்த டீச்சர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். பிள்ளைகளின் பரீட்சைத் தாள்கள் மிதந்தன. முதலில் தண்ணீரில் குதித்து டீச்சரைத் தூக்கியதும் ஞானத்தகப்பன்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வருமே தவிர, படகு பின்னால் வராது.

சபைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க மேல எங்களுக்குக் குறையில்ல. ஆனா ஆளுங்க பயப்படுறாங்க. வார ஞாயிறு பூசைக்குப் பொறகு கூடிப் பேசுவோம். அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி வேற ஆளுகிட்ட குடுக்க வேண்டி வரும்."

திங்கட்கிழமை மோட்டாரைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கையில் மோட்டார் திருத்துகிற, அலவத்துகொட ஊர் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார்; 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். மூடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் ஓடி நின்டு போகுதா? அந்த நேரம் பந்து சப்பையா ஒட்டிக் கிடக்குமே?"

"கவனிக்கலயே நானா."

"கையில புடிச்சும் தெரியல்லயா? டேங்க் மூடியில காத்துப் போக ஒரு ஸ்க்ரூ ஈக்கி. அத மூடினா இப்படித்தான் நிக்கும்."

"அத நான் மூடுறதே இல்ல நானா. எப்பவும் தொறந்துதான் இருக்கும்."

நானா மோட்டாரின் பக்கம் குனிந்தார். கியர்க் கம்பியின் இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தை விரலால் காட்டினார். அங்கே ஒரு நட்டும், அது நகராமல் பிடிக்கிற லொக் நட்டும் இருந்தன.

"இங்க பாருங்க. நட்டு தன்னால எளகினா லூசா ஈக்கும். இது நல்லா டைட்டா, பிழையான இடத்துல ஈக்கி. ஸ்பேனர் சாவி போட்டு எளக்கி, கம்பியின்ட நீளத்த மாத்தி, திரும்ப இறுக்கி ஈக்குது. மோட்டாருக்குக் கை இல்ல தம்பி. யாரு தொடுறாங்க?"

"நானும் என் மகளோட ஞானத்தகப்பனும்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அப்படி இருக்காது என்று நானாவோடு சண்டைக்கே போனேன். அவர் நட்டைச் சரியான இடத்தில் வைத்து இறுக்கினார். "குறுக்கால ஒரு கோடு போட்டு வைங்க. நட்டுத் திரும்பினா கோடு பிரியும்."

வீட்டில் மகளின் சிவப்பு நகப்பூச்சு இருந்தது. நட்டு இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தேன். மாதாவே, இது பிரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மூன்று நாள் மோட்டார் பிசகாமல் ஓடியது. வழக்கம்போல நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது மகளின் ஞானத்தகப்பன் படகைப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மோட்டார் மூடியைக் கழற்றினேன். மேல் நட்டில் பாதிக் கோடு ஒரு பக்கம், கீழ் நட்டில் மீதி மறுபக்கம். தாங்கி மூடியின் ஸ்க்ரூவும் இறுக மூடியிருந்தது. நடுத்தண்ணீரில் அவர் தாங்கிப் பக்கம் குனிந்தது எதைத் திறக்க என்று அப்போதுதான் புரிந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். சிவப்புக் கோட்டைச் சொன்னேன். ஊசி கையில் நின்றது.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"நான்தான் மச்சான்." அழுதார். "அந்தப் படகுல நீ உக்காந்து போறத தெனமும் கரையில நின்னு பாத்தேன். தாங்க முடியல. நாளைக்குச் சபையில நானே எந்திரிச்சுச் சொல்லிர்றேன். நீ சொன்னா என்னையக் கோயில்லயே ஏத்த மாட்டாங்க. நானாச் சொன்னா மன்னிப்பாங்க. நான் பேசுற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. சத்தியம் பண்ணு."

சட்டைப் பையிலிருந்த ஜெபமாலையின் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்தேன். திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு ஆத்துமம் திருந்துகிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை படகை எடுக்கும்போதே மூடியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பூசை முடிந்து எல்லாரும் கோயில் மண்டபத்தில் கூடினோம். தலைவர் பேச்சைத் தொடங்கியதும் ஞானத்தகப்பன் எழுந்தார்.

"எனக்கு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அவரு மகளைக் கையில ஏந்துனவன் நான். ஆனா ஆளுங்க உயிரு இருக்கே. நேத்து என் வீட்டுக்கு வந்து, யாரோ நட்டைத் திருப்புறாங்க, செவப்புக் கோடு போட்டேன்னு என்னென்னமோ சொன்னாரு. போய்ப் பாத்தேன், அப்பிடி ஒரு கோடும் இல்ல. பாவம், கொழம்பிப் போயிட்டாரு. பெற்றோல் பந்த எப்பிடி அமுக்குறாருன்னு கேளுங்க. அருள் நிறைந்த மரியே சொல்லி அமுக்குறாரு! மோட்டார் என்ன, ஜெபத்துக்கா ஓடும்?"

மண்டபம் சிரித்தது. என் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியா தம்பி?"

அவர் பேசிவிட்டார், சத்தியம் தீர்ந்துவிட்டது, நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஜெபத்தை எடுத்தே என்னை அடித்தார். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது.

"ஆமா" என்றேன்.

அன்றே மோட்டாரும் பெற்றோல் தாங்கியும் அவர் கைக்கு மாறின. கொடுக்கும்போது பார்த்தேன். சிவப்பு சுத்தமாகத் துடைக்கப்பட்டு, நட்டு தன் இடத்தில் இருந்தது. அதன்பிறகு அந்த மோட்டார் ஒரு நாளும் நிற்கவில்லை. அதையே ஊரில் எனக்கு எதிரான சாட்சியாகச் சொல்கிறார்கள். நான் தெல்தெனியவில் ஒரு கடையில் மூட்டை தூக்கப் போனேன். பூசைக்குப் பஸ்ஸில் சுற்றிப் போகிறேன். நீண்ட நாள் ஜெபமாலையில் அந்த ஜெபம் வரும்போதெல்லாம் என் விரல்கள் தாமாகவே எதையோ அமுக்கும். அதை நிறுத்தவே எனக்கு ஒரு வருடம் போனது.

இப்போது மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறோம். ஞானத்தகப்பன் படகில்தான் மணப்பெண்ணாகக் கோயிலுக்குப் போவேன் என்கிறாள். "அப்பா மட்டும் ஏன் பஸ்ல வாறேங்குறீங்க? அவரோட என்ன கோவம்?" என்று கேட்டாள். அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். அதற்காகத்தான் இந்தக் கொப்பி. முதலில் அவள் வாசிக்கட்டும். அதற்குப் பிறகும் அந்தப் படகில்தான் போவேன் என்றால், தடுக்க மாட்டேன்.

அவளுக்குப் பிறகு இது யார் கைக்கு வந்தாலும், அடுத்தவருக்குச் சொல்லும்போது இருக்கிறபடியே சொல்லுங்கள். அவரைப் பேயாக்க வேண்டாம்: டீச்சரைத் தண்ணீரிலிருந்து தூக்கியதை விட்டுவிடாதீர்கள். என்னைப் பீடத்தில் வைக்கிற அர்ச்சிஷ்டவர் ஆக்கவும் வேண்டாம்: பந்து சப்பையாகக் கிடந்ததை அறியாத கை என்னுடையது. சிவப்புக் கோட்டைச் சொல்லுங்கள். மண்டபம் சிரித்ததைச் சொல்லுங்கள். நான் "ஆமா" என்று சொன்னதையும் அப்படியே சொல்லுங்கள்.