அழும் குழாய்

எங்கள் பேராலயத்தில் பாட்டின் நடுவில் ஓர்கன் நின்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஓடாமல் தள்ளாமல் பங்கருக்குப் போகவேண்டும். முற்றத்து வேம்புகளின் கீழ் குண்டுவீச்சுக்குப் பதுங்க ஐந்து பங்கர்கள் வெட்டியிருந்தார்கள். மின்சாரம் பழங்கதையாகிப்போன அந்த வருடங்களில், யாழ்ப்பாணத்துக்கு மேலே வரும் பொம்மருக்கு ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசம் இருக்கவில்லை. சபை முழுவதும் வாய் திறந்து பாடும்போது கோபுரத்து மணியை அடித்தாலும் உள்ளே கேட்காது. ஓர்கன் இருந்த மேல்மாடத்தில்தான், கூரைக்குச் சற்றுக் கீழே, வெளிச்சத்தம் முதலில் வந்து சேரும் யன்னல் இருந்தது. ஆகவே விமானம் வருகிறதா என்று கேட்கும் பொறுப்பை ஓர்கன் வாசிப்பவரிடமே சபை கொடுத்திருந்தது.

வாசித்தவர் என் பெரியம்மா, அம்மாவின் தமக்கை. கலியாணம் கட்டாமல், எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித் தனியே இருந்தார். அவருடைய காது ஊர் அறிந்த காது. பாடகர் குழுவில் இருபத்தைந்து பேர் பாடினாலும், எத்தனையாவது வாங்கில் யார் சுருதி விலகினார் என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிடுவார் என்பார்கள். ஆட்களோடு கதைக்கும்போது முகத்தை நேராகப் பார்த்துத்தான் கதைப்பார். அது மிஷன் பள்ளிக்கூடத்து வளர்ப்பு என்று அம்மா எனக்கு உதாரணம் காட்டுவார். நானோ நிலத்தைப் பார்த்துக் கதைக்கிற பிள்ளை. "நிமிர்ந்து சொல்லு" என்று பெரியம்மா என் நாடியைப் பிடித்து முகத்தை உயர்த்தாத நாளில்லை.

பத்து வயதில் என்னைத் தன் வாங்கில் ஏற்றி உட்காரவைத்துப் பழக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணை என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி மானிப்பாய் வீதியால் மிதித்துக்கொண்டு வருவான். என்னை இறக்கிவிட்டுப் போக முடியாது. கரண்ட் இல்லாததால் ஓர்கனின் துருத்தியைக் கையால்தான் அடிக்கவேண்டும். பெட்டிக்குப் பின்னால் நின்று நீளமான மரக்கைப்பிடியை ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. துருத்தியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்ட ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கும். அது சுவரில் கீறியிருந்த கோட்டுக்கு மேலே ஏறினால் காற்றுக் குறைகிறது என்று அர்த்தம். "நீ வாசிக்கிறாய், எனக்கு நாரி முறியுது" என்று அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து புறுபுறுப்பான்.

அந்த ஓர்கனில் அண்ணையைவிட உயரமான மரக்குழாய் ஒன்று இருந்தது. காலால் மிதிக்கும் கட்டைகளில் எல்லாவற்றிலும் கீழான சுரம் அதற்கு. அதைப் 'பெரியவர்' என்போம். பனியோ மழையோ இருந்தால் பெரியவரின் மூடி சரியாகப் பொருந்தாது. அவருக்குரிய குமிழை வெளியே இழுத்துவிட்டால், யாரும் மிதிக்காமலே ம்ம்ம் என்று அழத் தொடங்கிவிடுவார். குமிழை உள்ளே தள்ளினால்தான் வாயை மூடுவார். தூரத்தில் வரும் பொம்மரின் உறுமலுக்கும் அந்த அழுகைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பழகும்போது பெரியம்மா இடைக்கிடை வாசிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார்.

"பெரியவர் அழுறாரோ?"

"ஓம், அழுறார்."

"இப்ப?"

"இப்ப இல்லை."

அது என் காதுக்கு வைக்கும் சோதனை என்று நினைத்தேன். ஒரு தடவையும் நான் பிழை விட்டதில்லை. ஞாயிறு ஆராதனையிலும் என்னைப் பக்கத்தில் இருத்தி, "வெளியிலை ஏதும் சத்தம் கேட்டால் உடனை என்னைத் தொடு" என்பார். அவருக்குத்தானே கேட்குமே, இதுவும் பயிற்சியில் ஒரு பாடம் என்று நான் பெருமையோடு காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். என் வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு உத்தியோகம் இருக்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை மண்ணாய்ப்போனது. உறுமல் ஒன்று கேட்க, நான் பெரியம்மாவின் தோளைத் தொட்டேன். அவர் அந்தக் கணமே கையை எடுத்தார். சபை எழுந்து போய், வெளுத்து உடுத்திய ஞாயிற்றுச் சேலைகளோடு சேறு நிறைந்த பங்கருக்குள் இறங்கியது. கால்மணித்தியாலம் காத்திருந்த பிறகுதான் தெரிந்தது, அது பக்கத்துக் காணிக்காரர் பங்கருக்குள் தேங்கிய வெள்ளத்தை வெளியேற்றப் போட்ட தண்ணி இறைக்கிற மிசின். அந்தக் கிழமை முழுவதும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் அதுதான் பகிடி. "உங்கடை பெரியம்மாவுக்கு மிசினும் பிளேன்தானாம்" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். பெரியம்மா நான்தான் சொன்னேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் ஏசவில்லை. "இன்னும் வடிவாக் கேள்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இனி ஒரு நாளும் பிழையாய்த் தொடுவதில்லை என்று நான் எனக்குள்ளேயே சத்தியம் செய்துகொண்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம், அறுவடைத் திருநாளின் கடைசிப் பாட்டை நானே வாசிப்பது என்று பெரியம்மா முடிவுசெய்தார். சபைக்கு முன்னால் என் முதல் வாசிப்பு. பிழைத்தால் இன்னும் இரண்டு வருடத்துக்கு அந்த வாங்கில் ஏற முடியாது என்று போதகர் பாதி பகிடியாகவும் பாதி உண்மையாகவும் சொல்லியிருந்தார். பீடத்தைச் சுற்றிப் பூசணியும் வாழைக்குலையும் வெங்காயப் பிடியும் அடுக்கியிருந்தார்கள். காலையில் நல்ல பனி. "இண்டைக்குப் பெரியவரை எழுப்பாதை" என்று பெரியம்மா இரண்டு தரம் சொன்னார்.

எழுப்பினேன். அவர் பின்னால் திரும்பி அண்ணையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் குமிழை மெல்ல இழுத்துவிட்டேன். பெரியவர் இல்லாமல் பாட்டே சோகை பிடித்ததுபோல் இருக்கும் என்பது என் எண்ணம். பெரியம்மா வந்து, யன்னலுக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்தபடி நின்றார். அவருடைய சேலைத் தலைப்பு குமிழை மறைத்தது. முதல் கண்ணியிலேயே பெரியவர் முழங்கினார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிடிபட்டும் தப்பிவிட்டேன் என்று நினைத்து எனக்கு உச்சி குளிர்ந்தது.

பாட்டு ஐந்து கண்ணி. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் சபை மூச்சு வாங்க, ஒரு தாள நேரம் கையையும் காலையும் தூக்கவேண்டும். இரண்டாம் கண்ணி முடிந்து தூக்கியபோது, அந்த வெறுமைக்குள் ம்ம்ம் என்று ஒன்று கேட்டது.

பெரியவர் அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் களவாக எழுப்பியதற்குக் கிடைத்த தண்டனை. பெரியம்மாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். தாளத்துக்குத் தலையை அசைத்துக்கொண்டு, நான் பிறந்ததிலிருந்து கண்டிராத ஒரு சிரிப்போடு நின்றார். குமிழைத் தள்ள வேண்டுமென்றால் அவருடைய இடுப்புக்குப் பின்னால் கை போடவேண்டும். என் களவை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மூன்றாம் கண்ணியை இன்னும் அழுத்தி வாசித்தேன்.

மூன்றாம் கண்ணியின் முடிவில் அது கூடியிருந்தது.

பெரியவர் ஒரே அளவில்தான் அழுவார், கூடிக் குறைய அவருக்குத் தெரியாது. பொம்மரோ என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே மிசின் ஞாபகம் வந்தது, சேறு பட்ட சேலைகள் ஞாபகம் வந்தன. அதோடு பெரியம்மா பக்கத்திலேயே நிற்கிறாரே. பொம்மர் என்றால் அந்தக் காதுக்குக் கேட்காமல் இருக்குமா? அவர் பேசாமல் நிற்கிறார், ஆகவே அது பொம்மர் இல்லை. என் பயத்தை அவர் கண்டுவிடக்கூடாது என்று, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைபோல முகத்தை அமைதியாக வைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே ஒரு ஆள் எழுந்து மேல்மாடத்தை அண்ணாந்து பார்த்தார். பின் வாங்கில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தாள். ஓர்கன் நிற்கவில்லை. அந்த ஆள் திரும்ப இருந்து பாட்டைத் தொடர்ந்தார். முழுச் சபையும் என் பத்து விரலையும் நம்பிக்கொண்டு பாடியது.

நாலாம் கண்ணியின் நடுவில் யன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. பெட்டிக்குப் பின்னாலிருந்து அண்ணை கத்தினான்.

"என்னடி சத்தம் அது?"

இனி எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் கைகள் நாலு வரி வாசித்துவிட்டன. அதை நான் இன்றைக்கும் மறைக்கப் போவதில்லை. நாலு வரி. பிறகுதான் கையையும் காலையும் தூக்கினேன்.

சபை ஒரே வெட்டாகப் பாட்டை நிறுத்தியது. உறுமல் கூரையிலிருந்து தரைவரைக்கும் ஆலயத்தை நிறைத்தது. பீடத்து வாழைக்குலைகள்கூட அதிர்ந்தன. பெரியம்மா என் பக்கம் குனிந்து, வீட்டில் கதைக்கும் குரலில் கேட்டார்.

"ஏன் நிப்பாட்டினனி? நல்லாத்தானே வாசிச்சுக்கொண்டு இருந்தனி."

நான் பதில் சொல்லுமுன் குண்டு விழுந்தது. வாங்குக்குக் கீழே அவர் என்னை அமுக்கிப் பிடித்தது தெரியும். கண்ணாடி மழைபோலக் கொட்டியதும் தெரியும். பங்கருக்குப் போக ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பாதிப் பேர் வாசலில் நெருக்குப்பட்டு நின்றார்கள்.

கடவுள் புண்ணியம், குண்டு ஆலயத்துக்குப் பின்னால் இருந்த வாழைத்தோட்டத்தில் விழுந்தது. பசு ஒன்று செத்தது. ஆலயத்துக்குள் கண்ணாடி கீறிய காயங்களுக்கு மேல் ஒன்றுமில்லை. அரைமணித்தியாலத்தில் சனம் கதை கட்டத் தொடங்கிவிட்டது. சபை குழம்பாமல் இருக்கவென்றே பிள்ளை கடைசிவரை வாசித்தாளாம், பெரியம்மா மலைபோல நின்றாராம். யாரோ எனக்கு ஒரு பூசணிக்காய் தந்தார்கள். வீரத்துக்குப் பூசணிக்காய். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

போதகரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெரியம்மா நின்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். விரலால் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு வெளியே நின்ற என்னைக் காட்டித் தலையை இல்லை என்று ஆட்டினார். போதகர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்தப் பிள்ளைக்குக் காது சரியில்லை, இவளால் முடியாது. வேறு என்ன சொல்லியிருப்பார்?

அடுத்த கிழமை மேல்மாடம் பூட்டப்பட்டது. கீழே வேறொருவர் ஆர்மோனியம் வாசித்தார். பெரியம்மா கடைசி வாங்கில் போய் இருந்தார். இரண்டு கிழமை பொறுத்து அண்ணை என்னைப் பிடித்து இழுக்காத குறையாக அவருடைய வீட்டுக்குக் கூட்டிப்போனான். "போய் மன்னிப்புக் கேள், மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியாமல்" என்று வாசலில் விட்டான்.

அவர் விறாந்தைக் கதிரையில் இருந்தார். நான் முன்னால் போய் நின்று, கால்விரலைப் பார்த்துக்கொண்டு, கரைத்துக் குடித்துவந்ததை எல்லாம் சொன்னேன். குமிழை இழுத்ததைச் சொன்னேன். கேட்டும் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன். அந்த நாலு வரியைச் சொன்னேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ பெரியம்மா. திரும்பவும் பழக்குங்கோ" என்றேன். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

பதிலுக்கு அவர் எழுந்து உள்ளே போய், ஒரு துண்டு பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். மன்னிக்க மனமில்லாதவர் மரியாதைக்குத் தரும் தேத்தண்ணி என்று நினைத்து, குடியாமல் திரும்பி வந்தேன். அதன்பின் அவர் வீட்டுக்குப் போகவுமில்லை, வேறெங்கும் ஓர்கனைத் தொடவுமில்லை. ஊர் விட்டு ஊர் போய், நாடும் விட்ட பிறகு, யாராவது பாடச் சொன்னால் எனக்குக் காது சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கொள்வேன்.

பெரியம்மா கொழும்பில் இறந்த செய்தியைச் சொன்ன தொலைபேசியில்தான் அம்மா அதையும் சொன்னார். "குண்டு விழுந்த அண்டைக்குப் பெரியம்மா போதகரிட்டைத் தானாப் போய்ச் சொன்னவ. எனக்குக் காது போய் ரெண்டு வருசம், பிள்ளையின்ரை காதை வைச்சுத்தான் சமாளிச்சனான், பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை எண்டு. வாயைப் பார்த்துத்தான் எல்லாம் பிடிப்பா. எங்களுக்கே இப்ப போதகர் சொல்லித்தான் தெரியும்."

வாயைப் பார்த்துத்தான். தொலைபேசியை வைத்தபின்னும் நான் பெரியம்மாவின் அந்தப் பழைய விறாந்தையிலேயே நின்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கால்விரலுக்குச் சொல்லிமுடித்த மன்னிப்பில் ஒரு சொல்லும் கதிரையில் இருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை. தன்னோடு கோபித்துக்கொண்டு வந்து, முகத்தைக்கூடக் காட்டாமல் நிற்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். தேத்தண்ணி வைத்தபோது அவர் என் நாடியைப் பிடித்து உயர்த்தக் கையை நீட்டியதும், நான் அதைத் தட்டிவிட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.