சகலைக்குக் கிடைத்த எண்

கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் வயிறு காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. எரியாதா பின்னே? பதினோரு வருஷமாகக் கடையில் நாலு கம்ப்யூட்டர்களை ஓடவிட்டு, இதுவரை யாரும் கண்டுபிடிக்காத ஒரு பெரிய பகா எண்ணைத் தேடுகிறவர் அவர். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து தேடுகிறார்கள். கிடைத்ததோ, போன மாதம் சேர்ந்த சகலைக்கு! ஜெராக்ஸ் கடைக்காரருக்கு!

மச்சினி புருஷனாயிற்றே என்று அவரைச் சேர்த்துவிட்டதும் இவர்தான். புதியவர்களுக்கு, பகா எண் இல்லை என்று முன்பே ஒருவர் தள்ளியதை மறுபடி சரிபார்க்கும் வேலைதான் கொடுப்பார்கள். "அடுத்தவன் கழிச்சுப் போட்டதைக் கிளறுங்க சகலை" என்று கேலி வேறு செய்திருந்தார்.

இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருகிற எண் அது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாது என்கிறார் சகலை. சோதிக்க ஒரு வழி உண்டு. நாலில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்த ராட்சச எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியை வைத்து மறுபடி அதே கணக்கு, கோடிக்கணக்கான முறை. கடைசி மீதி பூஜ்யம் என்றால் பகா எண். நடுவில் ஒரே ஓரிடம் பிசகினாலும் எல்லாம் பாழ்.

"எங்கயோ பிசகியிருக்கு. அந்த டப்பா கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் வருமா?" என்றார் மனைவியிடம்.

"ஏங்க இந்த வயித்தெரிச்சல்? உங்களோட நல்ல மெஷின்ல போட்டுப் பாத்துடுங்களேன்."

போட்டார். நாலு நாள் ஓடியது. கடவுளே, ஏதாவது மீதி வரட்டும், ஒன்றே ஒன்று வந்தால்கூடப் போதும் என்று வேண்டிக்கொண்டார். நாலாம் நாள் மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள் விடை வந்தது. பூஜ்யம்.

சரி, இதை முதலில் தள்ளிய மேதாவி எவன், அவனையாவது திட்டித் தீர்க்கலாம் என்று பழைய பதிவைத் திறந்தார். ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் இவர் பேர்!

அந்த வருஷம் ஓடிய கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளர்களிடம் "பழுதான மெமரியை வெச்சு ஓட்டாதீங்க, கணக்கெல்லாம் தப்பாயிடும்" என்று உபதேசம் செய்து கழற்றியதையெல்லாம், தூக்கிப் போட மனசில்லாமல் தன் மெஷினில் மாட்டிக்கொண்ட மகானுபாவர் இவர். பெரிய எண் ஒன்று இவர் கடைக்கே வந்து, போ என்று விரட்டப்பட்டுப் போயிருக்கிறது.

போனை எடுத்தார். சகலையைக் கூப்பிட்டார்.

"சகலை, பூஜ்யம்தான். உங்களுது சரி. முதல்ல அதைத் தப்பாத் தள்ளினது..."

"தெரியும் சகலை. அன்னைக்கே உங்க பேரைப் பாத்துட்டேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் வீட்டுலகூட யார்கிட்டயும் சொல்லல."

போனை வைத்தார். இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஓர் எரிச்சலா? இப்போதல்லவா எரிகிறது!

"என்னங்க சொன்னாரு?" என்றாள் மனைவி.

"பாவி, நல்லவனா வேற இருந்து தொலைக்கிறான்டி" என்றார் அவர்.