பன்னிரண்டு நாற்பதுக்கு அண்ணி அழுத்திய பொத்தான்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை, பகல் ஒன்றரை மணிப் பேருந்தில். அண்ணி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். புடவை ஓரமெல்லாம் சேறு, கையில் திருப்புளி.

"என்ன அண்ணி, என்னை அனுப்ப வந்தீங்களா, பஸ்ஸைக் கழட்ட வந்தீங்களா?"

"வாயை மூடுடி. ஏழாம் நம்பருக்குப் பேட்டரி மாத்திட்டு நேரா வர்றேன்."

அண்ணிக்குக் கால்வாய் அலுவலகத்தில் வேலை. கரையோரம் பதினொரு கருவிகள் தண்ணீர் மட்டத்தை அளக்கும். ஒன்று பக்கத்துக் கருவிக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, கம்பி எதுவும் இல்லாமலே செய்தி கைமாறி அலுவலகத் திரைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றின் உள்ளேயும் அரிசி அளவில் ஒரு படிகம் துடிக்கும். அந்தத் துடிப்பை ஒரு டைமர் எண்ணும். செய்தி வழியில் எங்கே மாட்டிக்கொண்டாலும், தான் பிறந்து எத்தனை விநாடி ஆயிற்று என்பதைச் சுமந்துகொண்டுதான் வரும். அந்த ஏற்பாடு அண்ணியுடையது. "மணி கேட்டா, தப்பா வெச்ச கடிகாரம் தப்பாத்தான் சொல்லும். எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கேளு" என்பார். அலுவலகத்தில் அவருக்கு விநாடியம்மா என்று பெயர்.

அன்று சாயங்காலம் மேற்கே கொட்டிய மழையில் கால்வாய் உடைந்து, தண்ணீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. நாலு நாள் ஊருக்குக் குடிநீர் இல்லை. பாலத்தடியில் இருந்த ஏழாம் கருவி முந்தின நாளிலிருந்தே பேசவில்லை. அதனால் தண்ணீர் ஏறுவது அலுவலகத்துக்குத் தெரியவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கருவியையே காணோம்.

விசாரணையில் செயற்பொறியாளர் கேட்டாராம்: "நாத்தனாரை வழியனுப்பப் போயிட்டு, பேட்டரி மாத்தினேன்னு கதை விடறீங்களா?"

"மாத்தினேன் சார். பன்னிரண்டு நாற்பதுக்குச் சோதனைப் பொத்தானையும் அழுத்தினேன்."

"அழுத்தினா ஏன் வரலை?"

"பாலத்தோரம் இரும்புக் குழாய் அடுக்கியிருந்தாங்க. ஆறாம் நம்பருக்கு அது குரல் எட்டியிருக்காது."

"வாயில்லாத குழாய் மேல பழியைப் போடுங்க!"

செய்தி வந்து சேருகிறதா என்று அரைமணி நேரம் காத்திருந்து பார்த்திருக்க வேண்டும். என்னை வழியனுப்பும் அவசரத்தில் அண்ணி காத்திருக்கவில்லை. 'பேட்டரி மாற்றப் போகவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கண்டித்து மட்டும் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். "காத்திருக்காதது என் தப்பு, அதை எழுதித் தர்றேன். போகலைன்னு மட்டும் எழுத மாட்டேன்" என்றார் அண்ணி. கிடங்கில் நட்டு, போல்ட் எண்ணப் போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் அண்ணன் போனில் சொல்லித்தான் தெரியும். நான் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணி பேசினால், "அங்க இப்ப மணி என்ன?" என்பதோடு சரி. குத்திக்காட்டி ஒரு சொல் சொன்னதில்லை. கிடங்கில்கூட, எந்தத் திருகு எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்படி மாற்றி வைத்திருந்தார்.

இரண்டு வருடம் கழித்து நான் திரும்பியபோதும் அண்ணி கிடங்கில்தான் இருந்தார். இந்தக் கோடையில் தூர் வாருவதற்காகக் கால்வாயை வற்றவிட்டார்கள். பாலத்தடிச் சேறு காய்ந்து வெடித்தது. குழாய்கள் போய் வெகுநாளாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை அண்ணி தலைவாரிக்கொண்டிருந்தபோது போன் மணியடித்தது. வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய சக ஊழியர்.

"விநாடியம்மா! உங்க ஏழு பேசுது! சேத்துக்குள்ள கிடந்து மணிக்கொரு தடவை கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. இன்னைக்குத்தான் ஆறுக்குக் கேட்டிருக்கு!"

"கத்தாதீங்க. திரையைப் படம் எடுத்து அனுப்புங்க."

அண்ணி சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு, செய்தி வந்து சேர்ந்த காலை ஒன்பது நாற்பதிலிருந்து ஒரு பழைய உறையின் பின்பக்கம் கழித்துப் பார்த்தார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டு ஐம்பத்தேழு.

"பழைய பேட்டரியா இருந்தா ஒரு வாரம் தாங்கியிருக்குமா அண்ணி? இப்ப என்ன சொல்றாராம் உங்க சார்?"

அண்ணி என்னைக் கவனிக்கவே இல்லை. "நான் நாற்பதுன்னு சொன்னேன். பதினேழு நிமிஷம் வித்தியாசம் வருது. குளிர்ந்த சேத்துல படிகம் கொஞ்சம் மெதுவாத்தான் துடிக்கும். அதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் கையில் கொடுத்தார். திரையில் ஒரே வரி:

ஏழு. சோதனைப் பொத்தான் அழுத்தப்பட்டது. ஆகி 6,86,76,180 விநாடி.