கடைசிப் பக்கத்து முகவரி

இரண்டு ரூபாய்க்கு நல்லொழுக்கம் விற்பவனை யாரும் விரட்டுவதில்லை, வாசிப்பதும் இல்லை. சிறுநூல்களை எழுதித் தாமே சுமந்து விற்ற அன்பர்கள் இதை அறிவீர்கள். ஆசிரியப் பணியில் ஓய்வு பெற்றபின், 2004 முதல், பதினாறு பக்க நூல்களை அச்சிட்டுக் கடலூர்-சிதம்பரம் பேருந்துகளில் விற்றேன். சினத்துக்கு ஒன்று, பொறுமைக்கு ஒன்று, தனிமைக்கு ஒன்று. எல்லாவற்றின் கடைசிப் பக்கத்திலும் என் செம்மண்டலத்து முகவரியோடு, 'வாசித்தவர் ஞாயிறு மாலை நேரில் வந்து உரையாடலாம்' என்றும் அச்சிட்டிருந்தேன். மனைவி மறைந்த வீட்டில் நாற்காலிகள் இரண்டு. ஞாயிறுதோறும் இரண்டையும் துடைத்து வைப்பேன்.

சன்னலோரத்து வாசகி

பேருந்து புறப்படுமுன் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு நூலை வைத்துக்கொண்டே பின்வரிசை வரை செல்ல வேண்டும். திரும்புகையில் நூலையோ காசையோ பெற வேண்டும். ஒருநாள் சன்னலோரத்தில் ஓர் அம்மையார் நூலைக் கண்ணருகே பிடித்திருந்தார். வாசிப்பைக் குலைக்க மனமின்றி, அவரிடம் கடைசியாக வந்தேன். அவர் நூலால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தார். நூலை நீட்டியபடி சொன்னார்: "வண்டி திரும்புனா வெயிலு அந்தாண்ட போயிடும் சார், எடுத்துக்கங்க."

இருவர் தங்கிய அறை

அண்ணாமலை நகர்த் தேநீர்க் கடையில் மாணவர் ஒருவர், தம் அறைத் தோழருக்கென்று சினம் பற்றிய நூலை வாங்கினார். மறுவாரம் அத்தோழரே வந்து, வாங்கித் தந்தவருக்குக் கொடுக்க அதே நூல் வேண்டும் என்றார். வந்த நூலையே திருப்பிக் கொடுக்கலாமே என்றேன்.

"அத அப்பவே கிழிச்சிட்டேன் சார்."

சனிக்கிழமை

திருவந்திபுரம் கோயில் வாசலில் பூ விற்கும் பெண்மணி, தனிமை பற்றிய நூலைப் புரட்டினார். ஒருவேளை மறுநாள் இவர் வருவார் என்று எண்ணி, கடைசிப் பக்கத்தை நானே எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "வூட்ல ஒம்போது பேரு சார். ஒரு நாளு தனியா இருக்க வழி இருந்தா எழுதுங்க, வாங்கிக்கறேன்."

இரண்டாம் நாற்காலி

2012இல் ஒரு ஞாயிறு மாலை கதவு தட்டப்பட்டது. வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும்; மோட்டார் பழுது பார்ப்பவர் என்று பின்னர் அறிந்தேன். கையில் தனிமை பற்றிய என் நூல், நான்காக மடிந்து எண்ணெய்க் கறையோடு இருந்தது. அவரை அமர்த்தி, நெடுநாள் ஆயத்தமாக வைத்திருந்த குரலில், "தங்கள் குறை யாது? தயங்காமல் சொல்லுங்கள்" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். இத எழுதுனவருக்குத்தான் பேச ஆளு இல்லபோலன்னு வூட்டுக்காரிகிட்ட சொன்னேன். போயி ஒரு எட்டு பாத்துட்டு வாங்கன்னுச்சு. அதான் வந்தேன்."

எட்டாண்டுகளில் என் நூல்களால் பயன் பெற்றவர் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒருவரே. அவற்றை எழுதியவரும் அவரே.