சுவரைப் பார்த்து நின்றவள்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குளியலறைப் பக்கம் போய்விட்டு வந்ததும், "உள்ளே சுவரில் அதெல்லாம் யார் செய்தது?" என்று கேட்பார்கள். நான் மெல்ல அடுப்படிக்குள் போய்விடுவேன். என் ஓரகத்திதான் பதில் சொல்வாள். அவள் சொல்வதில் பாதி நடந்தது, பாதி அவளாகச் சேர்த்தது. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, அதனால் நாலு நாள் ஆகிவிட்டது.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. இரண்டு வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முத்தாபுதுப்பேட்டை வீட்டில் முன்பக்கம் நான், மகன், மருமகள். பின்பக்க போர்ஷனில் அவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அந்தச் சத்தத்தில் பேசிப் பழகியதால், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதும் தெருமுனைக்குக் கேட்கும். நான் பேசுவது எனக்கே சரியாகக் கேட்காது.

போன மழைக்கு வாசல் பாசியில் வழுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் ஆகும் என்றார்கள். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகினேன். தலை சீவிக்கொள்ளக்கூடப் பழகினேன். பாவாடை நாடாவை மட்டும் முடிய முடியவில்லை. ஒற்றைக் கையால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், முடிச்சுப் போட முடியாது.

நான் பாவாடையை மார்மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிப்பேன், தாழ்ப்பாள் போட்ட அறைக்குள்ளும். என்னைப் பெற்றவள் எனக்குத் தண்ணீர் ஊற்றுவதை எந்த வயதில் நிறுத்தினாளோ, அதற்கப்புறம் என்னை யாரும் குளிப்பாட்டியதில்லை. முதல் நாள் நைட்டியோடு குளித்துப் பார்த்தேன். ஈர நைட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தலைக்கு மேலே பாதியில் நின்றுவிட்டது. முகம் மூடியபடி அரைமணி நேரம் தனியாகப் போராடினேன். கட்டும் நனைந்துவிட்டது. மகன் பார்த்துவிட்டு, "இனிமே தனியா உள்ள போவக் கூடாதும்மா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மருமகள், "அத்தை, நான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஊத்தி விட்டுட்டுப் போறேன்" என்றாள். பாவம், ஏழு மணி ரயிலுக்கு ஓடுகிற பெண், அவளுக்கு ஏன் தொந்தரவு என்று சொன்னேன். உண்மைக் காரணம் வெட்கம்தான். ஐந்து நாள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆறாம் நாள் ஓரகத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், உடனே எழுந்துவிட்டாள்.

"அக்கா, உன் பக்கத்துல குந்துனா ஊறுகா ஜாடிய தொறந்தா மாதிரி கீது. வா, நான் தண்ணி ஊத்தறேன்."

"வேணாம்மா. தொடைச்சுக்கிறேன்."

"தொடைச்சிக்கினா ஆச்சா? நீ இன்னா டிவி பொட்டியா?"

"எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கு இல்லாதது உனக்கு இன்னா புதுசா கீது? ரெண்டு பேரும் கெழவிங்க."

அப்படியும் நான் அசையவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு நாடாவை முடிந்துவிட வேண்டும். கட்டுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட வேண்டும். நான் இடது கையால் ஊற்றிக்கொண்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். "போலீஸ் டேசன்ல கூட இந்தச் சட்டம் கெடையாது" என்றாள், ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

அந்தச் சுவரில் பாதி உயரத்துக்கு டைல்ஸ், அதற்கு மேலே வெறும் வெள்ளைப் பெயிண்ட். நான் இரண்டு சொம்பு ஊற்றுவதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"செவுத்துல ஒண்ணியும் இல்லக்கா. எம்மா நேரந்தான் வெள்ளைய பாத்துகினு நிக்கறது?" என்று தலையைப் பாதி திருப்பினாள்.

நான் போட்ட கூச்சலில் சொம்பு கீழே விழுந்து உருண்டது.

"திரும்பல, திரும்பல! கழுத்து புட்ச்சிகிச்சு, அதான்!"

அன்றைக்கு மத்தியானம் முழுக்க யோசித்தேன். அவள் கண் சும்மா இருக்காது. அதற்கு ஒரு வேலை கொடுத்தால் என் பக்கம் வராது. சுவரில் பார்க்கிறதற்கு ஏதாவது மாட்டினால் என்ன என்று அவளிடம் கேட்டேன். இப்படிப்பட்டதென்றால் அவளுக்கு உயிர். ஓடிப்போய்ப் பழைய வளையல், நூல்கண்டு என்று ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்தாள்.

வளையலை நான் பிடித்துக்கொள்ள, அவள் அதன்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றினாள். நாலு வளையலைச் சேர்த்து நடுவில் ஒரு குஞ்சம் வைத்ததும் பூ மாதிரி வந்தது. வெள்ளைப் பசையால் ஒட்டினோம். மறுநாள் குளித்துக்கொண்டிருக்கும்போதே நூல் நனைந்து சாயம் கீழே வழிந்தது. "யாரோ வெத்தல போட்டு துப்புனா மாதிரி கீது" என்றாள். சாயங்காலத்துக்குள் பூவே பிய்ந்து வாளிக்குள் விழுந்துவிட்டது.

தண்ணீர் படுகிற இடத்துக்குத் தண்ணீருக்குப் பயப்படாத பொருள்தான் சரி என்று அப்போதுதான் புத்தி வந்தது. கம்பளியை எடுத்துவிட்டு, கூடை பின்னுகிற பிளாஸ்டிக் ஒயரை வளையலில் சுற்றினோம். பச்சை, மஞ்சள் என்று பளிச்சென்று இருந்தது. ஆணியில் மாட்டியதால் பசையே வேண்டியிருக்கவில்லை. ஷாம்பு பாட்டிலைக் குறுக்கே வெட்டி, விளிம்பைத் தீயில் லேசாகக் காட்டி மழுக்கி, அதில் தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் கொடி வைத்தோம். குளியலறை ஈரத்துக்கு அது இப்போது ஜன்னல் வரை ஏறிவிட்டது. கடலோரக் கோயிலுக்குப் போனபோது பொறுக்கிய சிப்பிகளை, டைல்ஸ் போட்ட மிச்ச வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து வரிசையாகப் பதித்தாள். சிமெண்ட் காயும்வரை ஒவ்வொன்றையும் நான் இடது பெருவிரலால் அழுத்திப் பிடித்தேன். விரல் வலித்தது, ஆனால் ஒன்றுகூட இன்றுவரை விழவில்லை.

இவ்வளவு செய்தும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அலமாரியில் வருடக்கணக்காகச் சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. சாமி படம் போட்டதை எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மயில், பூ, மாங்காய் போட்டதை மட்டும் வெட்டினோம். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு ஒட்டுகிற அகல டேப்பை முன்னும் பின்னும் ஒட்டினால் தண்ணீர் இறங்காது. வெட்டியதில் தங்க நிறத்தில் ஒரே கோடாக வளைந்து சுருண்டு போகிற ஒன்று இருந்தது. கண்ணாடி போடாமல் பார்த்த நான் வெற்றிலைக் கொடி என்று நினைத்தேன். கொடி ஓடுகிற மாதிரி படுக்கை வாட்டில் நானே ஒட்டினேன்.

மூன்று நாள் எல்லாம் நன்றாகப் போயிற்று. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சிப்பிகளை எண்ணுவாள். "இந்த மயிலுக்கு நீ ஒரு கால வெட்டிட்டக்கா, நொண்டிகினு கீது" என்பாள். எனக்கு நிம்மதியாகச் சோப்புப் போட்டுக்கொள்ள முடிந்தது.

நாலாம் நாள் அவள் தலையைச் சாய்த்து எதையோ உற்றுப் பார்த்தாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"அக்கா! இது கொடி இல்லக்கா! இதோ தும்பிக்க! இதோ காது! புள்ளையாரப்பாவ குளிக்கற எடத்துல படுக்கப் போட்டு ஒட்டிக்கிறியே!"

கன்னத்தில் போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, சோப்பு வழுக்கி என் நாடா முடிச்சு தளர்ந்திருந்தது. பாவாடையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கை மாவுக்கட்டில். இருக்கிறதோ ஒரு கை. மறைத்துக்கொள்வதா, பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்பதா? என் கை என்னைக் கேட்கவே இல்லை. அதுவாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. பாவாடை காலடியில் விழுந்தது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குனிந்து பாவாடையை எடுத்து மேலே ஏற்றி, கெட்டியாக ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு சுவரில் இருந்த பிள்ளையாரை மெதுவாகப் பெயர்த்து, முந்தானையால் ஈரம் துடைத்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"நான் ஒண்ணியும் பாக்கலக்கா" என்றாள். அவ்வளவு சின்னக் குரல் அவளிடம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் எனக்குக் குளியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் வற்புறுத்தவில்லை. பின்பக்கத்திலிருந்து நெடுநேரம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அடுத்த நாள் காலையில் வந்து, என் மடியில் ஒரு பாவாடையைப் போட்டாள்.

"இதுல நாடா கெடையாது, லாஸ்டிக்கு. ஒத்தக் கையால இஸ்துக்கலாம், ஒத்தக் கையால வுட்டுடலாம். தாப்பா மட்டும் போடாத. நான் கதவாண்ட குந்திகினு கீறேன். நீ விழுந்தா சத்தம் கேக்கும்."

"உனக்குக் கோபமா?"

"எனக்கு இன்னாத்துக்குக் கோவம்? உன் வெக்கம் உன்னோட. அத்த நான் புடுங்கிக்க முடியுமா?"

லாஸ்டிக் பாவாடை நன்றாக வேலை செய்தது. மூன்று நாள் தனியாகக் குளித்தேன். அவள் வெளியே முக்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பாள். நடுநடுவே, "அக்கா, கீறியா?" என்பாள். "இருக்கேன்" என்பேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. ஆனால் இரண்டு பேர் நின்று பேசிய இடத்தில் ஒருத்தியாக நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்வது ஏனோ சப்பென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். ஒரு கையால் சீயக்காய் போட்டால் எண்ணெய் போகவில்லை. கண்ணெல்லாம் எரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவளைக் கூப்பிட்டேன். உள்ளே வந்தவள் முன்போலவே நேராகப் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"அங்கே நின்னா என் தலை உனக்கு எப்படி எட்டும்? இந்தப் பக்கம் திரும்பு."

"திரும்பவா?"

"திரும்பு."

"திரும்புனா நான் வாய மூடிகினு கீற ஆளு இல்ல. அப்பால அழுவக் கூடாது."

"சொல்றதைச் சொல்லிக்கோ. கண்ணு எரியுது."

திரும்பினாள். சீயக்காயை அள்ளி என் தலையில் வைத்து, மிஷின் மிதிக்கிற வேகத்தில் தேய்த்தாள். நாலு சொம்பு ஊற்றி எண்ணெய் இறங்கியதும், முதுகில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

"அக்கா, உன் முதுகுல மச்சம் கீதே, தெரிமா உனக்கு?"

எனக்கு அறுபத்தெட்டு வயது. தெரியாது.

"எங்கே?" என்றேன்.

ஈர விரலால் தொட்டுக் காட்டினாள்.