இன்ஜின் இல்லாத கார்

ஒடுகத்தூர் பட்டறையில் என் பழைய டீசல் காரின் இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். கருத்த ஆயில் வாசனை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப்போனது.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அப்பாவின் டீசல் கார் ஒன்றுதான் வண்டி. பிரசவமோ பாம்புக்கடியோ, அப்பாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஒருமுறை இன்ஜின் பழுதாகி, வீட்டு வாசலிலேயே அதைக் கழற்றி மலைக்குக் கீழே அனுப்பியிருந்தார். மாற்று இன்ஜின் வருவதற்குள் அம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது.

"இன்னாங்க பாத்துட்டு நிக்கிறீங்க? வண்டிய எடுங்க."

வலியில் அம்மாவுக்கு இன்ஜின் இல்லாததே மறந்துபோயிருந்தது. அப்பா பானட்டைத் திறந்து, காலிக் குழியைப் பார்த்துவிட்டு மூடினார்.

கம்பில் போர்வை கட்டி, அம்மாவை அதில் படுக்கவைத்து ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். நானும் பின்னால் ஓடினேன். பாதி வழியிலேயே தம்பி பிறந்தான்.

"கொழந்த ஏன் அழுவல?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா தம்பியின் முகத்தைத் துண்டால் மூடினார்.

மறுவாரம் வேறு இன்ஜின் வந்தது. அப்பா பழையபடி ஊராரை ஏற்றிப்போனார். அம்மா மட்டும் அந்தக் காரில் ஏறவே இல்லை. அப்பாவும் அவளைக் கூப்பிட்டதில்லை.

"நாலு நாள் ஆவும்க்கா, பரவால்லியா?" என்றார் மெக்கானிக்.

சரி என்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.