இரண்டாம் டிரம்பெட்

கல்லூரியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் ஒருவரும் இல்லை. வாசல் காவலாளியிலிருந்து முதல்வரம்மா வரை எல்லோருக்கும் அவர் 'தம்பி சார்'தான். அதே துறையில் அவருடைய அண்ணன் 'பெரிய சார்' என்ற பட்டத்தோடு ஏற்கனவே உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர் அது. தலை பாதி நரைத்த பிறகும் அவர் தம்பிதான்.

அண்ணன் தம்பி இருவரும் டிரம்பெட் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியர்களே சேர்ந்து வாசிக்கும் பித்தளை வாத்தியக் குழு ஒன்று கல்லூரிக்கு இருந்தது. முதல் டிரம்பெட் அண்ணன், இரண்டாம் டிரம்பெட் தம்பி சார். கூடவே ஹார்ன் ஊதும் டீச்சர், வாயைத் திறந்து பேசவே பேசாத டிராம்போன்காரர், டியூபா வாத்தியார். டியூபாவும் அதை ஊதுகிறவரின் வயிறும் ஒரே சுற்றளவில் இருந்ததால் மாணவர்கள் அவரை 'அண்டா' என்றார்கள். அவரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

முதல் டிரம்பெட்டுக்குத்தான் மெட்டு, உச்சி, கைதட்டல் எல்லாம். இரண்டாம் டிரம்பெட் கீழே நின்று தாங்கவேண்டும். "பல்லக்குல ஒருத்தர், பல்லக்குக்கு அடியில ஒருத்தர்" என்பார் அண்டா. தம்பி சாரும் சிரிப்பார். சிரிக்கத்தான் வேண்டும். வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணன். குடியிருப்பது அண்ணன் வீட்டு மாடியறையில். சாப்பிடுவது அண்ணி கையால். கல்யாணம் என்ற பேச்சு எப்போதோ எழுந்து, யாரும் தொடராமல் தானாக அடங்கிவிட்டிருந்தது.

அண்ணனுக்கு உதடு போனது ஒரு மழைக்காலத்தில். முதலில் வாயின் இடது ஓரம் லேசாகத் துடித்தது. பிறகு குழலின் மவுத்பீஸை உதட்டில் வைத்தாலே அந்த ஓரம் சுருக்கு அவிழ்ந்த பை மாதிரி தளர்ந்து காற்றை வெளியே விட்டது. கீழ் ஸ்வரங்கள் எப்படியோ வந்தன. மேலே ஏறினால் வெறும் 'புஸ்'. டாக்டர் ஊசி போட்டார், மருந்து கொடுத்தார், கடைசியில் கையை விரித்தார். டிரம்பெட்காரனுக்கு உதடு போவது ஓட்டக்காரனுக்குக் கால் போவது மாதிரி. ஒரே வித்தியாசம், நொண்டுவது வெளியே தெரியாது.

அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்.

"டேய், இனிமே மேல இருக்கிறதை நீ ஊது. நான் விரலை மட்டும் அசைச்சுக்கிறேன். ரெண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருக்கோம். எந்தக் குழல்ல இருந்து சத்தம் வருதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"அப்ப என் வரியை யாருண்ணா ஊதுறது?"

"உன் வரியா?" அண்ணன் சிரித்தார். "அது இல்லேன்னா யாருடா தேடப் போறா?"

அண்ணி பாத்திரத்தோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். தம்பி சார் அவளைப் பார்த்தார். "அண்ணனுக்காகச் செய்யேன்" என்றாள் மெதுவாக.

நடந்தது அப்படித்தான். அண்ணன் கன்னத்தை உப்பி, புருவத்தை நெரித்து, விரல்களை அசைப்பார். உச்சியில் போய் நிற்கும் ஸ்வரம் பக்கத்து நாற்காலியிலிருந்து புறப்படும். குழுவில் மற்ற மூவருக்கும் முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? ஹார்ன் டீச்சர் இரண்டாம் டிரம்பெட்டின் வரியிலிருந்து முக்கியமானதைத் தன் வரியோடு கோத்துக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. குழு ஓடினால் சரி.

சொல்லப்போனால் குழு முன்பைவிட நன்றாக ஓடியது. "பெரிய சாருக்கு இந்த வயசுல ஒரு தனி இனிமை வந்திருக்கு" என்று முதல்வரம்மா மேடையிலேயே சொன்னார். அவர் நாற்பது வருஷம் புல்லாங்குழல் வாசித்தவர். தன் காதுமேல் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அண்ணன் எழுந்து நின்று குனிந்து அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டார். தம்பி சார் தண்ணீர்க் குமிழைத் திறந்து குழலில் தேங்கிய எச்சில் நீரைத் தரையில் வடித்தார்.

கடனாக வாங்கிப் போட்ட சட்டையைத் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்று பயப்படுகிறவன், கொடுத்தவனைத்தான் முதலில் திட்டுவான். அண்ணன் மாணவர்கள் எதிரே தம்பியைக் குத்த ஆரம்பித்தார். வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "தம்பி சார், இந்த இடத்தை ஒருதடவை ஊதிக் காட்டுங்களேன்" என்று கேட்டபோது அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யார்கிட்டம்மா கேக்கிறே? அவனுக்கு ஏணி வச்சாலும் அந்த ஸ்வரம் எட்டாது. 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்'னு சொல்லுவாங்க. எனக்கு வாய்ச்ச தம்பியை நம்பி நான் தெருவைக்கூடத் தாண்ட முடியாது."

வகுப்பு சிரித்தது. கேட்ட பெண்ணும் சிரித்துவிட்டு, பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி சார் அந்த ஸ்வரத்தை ஊதிக் காட்டவில்லை. ஊதினால் அண்ணனின் குட்டு உடையும். ஊதாவிட்டால் தன் மானம் போகும். மானம் தன்னுடையதுதானே என்று விட்டுவிட்டார்.

வேறொரு ஊரின் கல்லூரியில் டிரம்பெட் ஆசிரியர் வேண்டும் என்று தெரிந்ததும் யாருக்கும் சொல்லாமல் போய் ஊதிவிட்டு வந்தார். நன்றாக ஊதினார். அந்தத் துறைத் தலைவர் தோளில் தட்டி, "சீக்கிரம் சொல்லி அனுப்புறோம்" என்றார். வரும் வழியில் ரயில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, புது ஊரில் மாடியில்லாத வீடாகப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். சொல்லி அனுப்பவே இல்லை. மாதங்கள் போனபின், தன் ஊதலில்தான் ஏதோ குறை என்று மனதைத் தேற்றிக்கொண்டு பழையபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

கல்லூரியின் ஆண்டு விழாக் கச்சேரி வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் தம்பி சார் வால்வுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, விருந்தாளியாக வந்திருந்த அந்த வெளியூர்க் கல்லூரித் துறைத் தலைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நீங்களா! அன்னிக்கு நல்லா ஊதினீங்க, மறக்கலை. உங்களை எடுத்திருப்போம் சார். உங்க அண்ணன்தான் எச்சரிக்கை பண்ணினார்."

"என்ன எச்சரிக்கை?"

"உங்களுக்குத் தெரியாதா?" மனுஷர் கொஞ்சம் தடுமாறினார். "ஒரு வார்த்தை விசாரிக்கலாம்னு கூப்பிட்டேன். 'ஒரு நாள் கூத்துக்கு அவன் தாங்குவான். தினம் ஊதினா மேல் ஸ்தாயி நிக்காது, நடுவுல கைவிட்டுடுவான்'னார். சொந்த அண்ணனே சொல்றப்ப நாங்க என்ன பண்றது? தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லே, இல்லே" என்றார் தம்பி சார். எண்ணெய்ப் புட்டியை மூடி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கச்சேரியின் நடுவே முதல் டிரம்பெட்டுக்கென்று நீண்ட தனி வாசிப்பு ஒன்று இருந்தது. மற்ற நால்வரும் ஓய்ந்துவிட, டிரம்பெட் மட்டும் தனியே எழுந்து படிப்படியாக மேலே போகும் இடம். அந்த இடத்துக்கு அண்ணன் வழக்கம்போல எழுந்து நின்றார். விளக்கு அவர்மேல் விழுந்தது. அவர் தோளுக்குப் பின்னால், இருட்டில், தம்பி சார் மவுத்பீஸை உதட்டில் வைத்தார். மூச்சை இழுத்தார். அண்ணனின் விரல்கள் அசையத் தொடங்கின.

தம்பி சார் டிரம்பெட்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தனை பெரிய அரங்கத்தில் வால்வுகள் அமுங்கி எழும் 'டக் டக்' மட்டும் கேட்டது. நடுநடுவே கிழிந்த துருத்தி போல ஒரு காற்று. அண்ணன் நிறுத்தவில்லை. நிறுத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, தனி வாசிப்பு முழுவதையும் விரல்களாலேயே வாசித்துக்கொண்டு போனார். முன்வரிசையில் யாரோ, இது வேடிக்கைக்காகச் செய்வது என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. ஒருமுறை அண்ணன் லேசாகத் தலையைத் திருப்பி, உதட்டோரத்தால், "டேய்... டேய்..." என்றார். கெஞ்சலா அதட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

தம்பி சார் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு ஈரமாகி முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பரிதாபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. இனித்தது. வாய்க்குள் கற்கண்டு கரைவது போல அவ்வளவு இனித்தது. கடைசியில் அண்டா பொறுக்கமாட்டாமல் தன் இடத்துக்கு முன்பே டியூபாவை ஊதி எல்லாவற்றையும் மூடிவைத்தார்.

மறுநாள் முதல்வரம்மா எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். தம்பி சார் ஒளிக்காமல் சொன்னார்: உதடு போனது, மேசையில் கேட்டது, இவ்வளவு காலம் ஊதியது யார் என்பது. இனிமேல் முதல் நாற்காலி தனக்குத்தான் என்ற எண்ணம்கூட உள்ளே லேசாகத் தலைதூக்கியது.

அண்ணன் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டார். "நான் கேக்கவே இல்லைங்க. நேத்து மட்டும்தான் எனக்கு உதடு மக்கர் பண்ணிச்சு. இவன் எப்பவும் என் வரியோட ஒட்டிக்கிட்டு ஊதுவான். பெரியவன்மேல ஒரு ஆசை, ஒரு பொறாமை. தம்பிதானேன்னு விட்டுட்டேன்."

"அண்டா சாரைக் கேளுங்க" என்றார் தம்பி சார்.

அண்டா கூரையைப் பார்த்தார். "நான் என் வரியைத்தாங்க பார்த்துட்டிருப்பேன். அந்த அண்டாவைக் கட்டிப் பிடிச்சிட்டு எங்க அக்கம்பக்கம் பாக்க முடியுது?" ஹார்ன் டீச்சருக்கு அப்போதுதான் இருமல் வந்தது. டிராம்போன்காரர் வழக்கம்போலப் பேசவில்லை.

"அண்ணிக்குத் தெரியும். அவங்க பக்கத்துல நிக்கும்போதுதான் கேட்டார்."

முதல்வரம்மா போனை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். மறுமுனையில் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கேள்வி முடிந்ததும் அந்தச் சத்தம் நின்றது.

"எனக்குச் சங்கீதமெல்லாம் தெரியாதுங்க" என்றாள் அண்ணி. "ரெண்டு பேருக்கும் சாப்பாடு போடுறேன். அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்."

தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த அறையில் தம்பி சாருக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

முதல்வரம்மாவுக்கு உண்மை தெரியாமல் இல்லை. அவருக்கு உறைத்தது வேறு விஷயம். "நீங்க சொல்றது நிஜம்னா, இத்தனை நாள் என் காதை ஏமாத்தினது நீங்கதான். பொய்னா, நேத்து மேடையில அண்ணனைக் கழுத்தறுத்தது நீங்கதான். எப்படிப் பார்த்தாலும் நீங்கதானே சார்?"

தீர்ப்பு அதுதான். அண்ணனின் உதட்டுக்கு அனுதாபம் கிடைத்தது. இசைக் கோட்பாடு சொல்லிக்கொடுக்கும் பெரிய அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்தன. இரண்டு டிரம்பெட்டுக்கும் வெளியிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். தம்பி சாருக்கு மேடை கிடையாது. முதல் வருடப் பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரலாம். மீதி நேரம் பின்கட்டிலுள்ள வாத்திய அறையில் குழல்களைக் கழுவி, நசுங்கலைத் தட்டி எடுத்து, எண்ணெய் விட்டு அடுக்கவேண்டும். வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தார். செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கூடப் பிறந்தவனை நடுமேடையில் கைவிட்டவன் பக்கத்தில் எவன் உட்காருவான்?

மாடியறையைக் காலி செய்த அன்று அண்ணி படியிறங்கும் வழியில் நின்றாள். "நான் என்ன பண்ணட்டும் தம்பி? எனக்கு வேற போக்கிடம் ஏது?"

"எனக்கு மட்டும் இருக்கா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தெருமுனைவரை போய்த்தான் தான் சொன்னது எவ்வளவு சரி என்று அவருக்கே புரிந்தது.

வருடம் ஒன்று கழிந்தது. ஒருநாள் மாலை, வகுப்புகள் முடிந்து கட்டடம் ஓய்ந்திருந்த நேரத்தில், அண்ணன் வாத்திய அறை வாசலில் வந்து நின்றார். உடம்பு இளைத்திருந்தது. வாயின் இடது ஓரம் இறங்கி, எப்போதும் எதையோ ஏளனம் செய்வது போல இருந்தது. சுவரில் தொங்கிய டிரம்பெட்டுகளைப் பார்த்தார்.

"புதுசா வந்தவனுங்க ஊதுறது காதுல ஏறலைடா. தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு." கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "எதையாவது ஊதேன். எதுவானாலும் சரி. கேக்கணும்போல இருக்கு."

தம்பி சார் கையிலிருந்த வால்வைத் துணியால் துடைத்து முடித்தார்.

"எல்லாம் துடைச்சு அடுக்கியாச்சுண்ணா. நாளைக்கு வாங்க."

மறுநாளும் அண்ணன் வந்தார். "நாளைக்கு" என்றார் தம்பி சார். அடுத்த வாரமும் வந்தார். ஒருமுறை உதடு புண் என்றார், ஒருமுறை எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றார், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். 'நாளைக்கு' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு நடையோரமாகத் திரும்பிப் போவார். அந்தச் செருப்புச் சத்தத்தைக் கடைசிவரை கேட்பது தம்பி சாருக்கு அன்றாடச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

ஊதாமல் இல்லை. தினமும் ஊதினார். அண்ணனின் ஸ்கூட்டர் வாசலைத் தாண்டிய பிறகுதான் தன் டிரம்பெட்டை எடுப்பார். முன் எப்போதும் வராத அளவுக்கு நன்றாக வந்தது. காலி நடையில் அது ஓடிப்போய் மோதித் திரும்புவதை அவர் மட்டுமே கேட்டார்.

அப்படி ஊதிக்கொண்டிருந்த ஒரு மாலை, மூச்செடுக்க நிறுத்தியபோது, ஜன்னல் வழியாகக் கண் வெளியே போயிற்று. மதில் சுவருக்கு அந்தப்புறம், சாலையோரத்தில் அண்ணனின் ஸ்கூட்டர் நின்றிருந்தது. என்ஜின் அணைந்திருந்தது. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதை இந்தப் பக்கம் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தம்பி சார் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். அலமாரியைத் திறந்து, சத்தத்தை அடக்குவதற்காகக் குழலின் வாயில் செருகும் அடைப்பானை எடுத்து இறுக்கமாகச் செருகினார். விட்ட இடத்திலிருந்து ஊதத் தொடங்கினார்.